எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளின் திறந்த கல்வி வளங்களுக்கு யாரோடு கூட்டுச் சேர்வது?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகள் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் கற்பித்து வருகின்றன. பாடநூல்களைத் தயாரிக்கும் மாநில அமைப்பான கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. அவற்றைத் தமிழிலும் தருகிறது, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் வருகிறது. பாடநூலைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. மலையாள வழியில் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சித்தாளும் காணொலியும் மாதிரி வினாக்களும் பல இடங்களிலிருந்து வந்து குவியும்போது, கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாற்றிலோ தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர் அவற்றில் தமக்கு வேண்டியதைத் தாமே மொழிபெயர்த்து, தாமே தட்டச்சு செய்து, அடுத்த நாள் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் இன்னொருவர் அதே வேலையை அதே வாரத்தில் செய்துகொண்டிருப்பார்.

இந்த வீணான உழைப்பைக் குறைக்கத் திறந்த கல்வி வளங்களே சரியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு பள்ளியால் மட்டும் இதைச் செய்ய முடியாது என்பதும் தெளிவு. எனவே பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கூட்டங்களிலும் எஸ்.ஆர்.ஜி. (பள்ளி ஆசிரியர்களின் வளக் குழு) கூட்டங்களிலும் முடிவெடுக்க வேண்டிய கேள்வி, யாரோடு கூட்டுச் சேர்வது என்பதே. நம் முன் உள்ள வாய்ப்புகளைச் சித்தூர் வட்டத்தை மனத்தில் வைத்து இங்கே எடைபோடுகிறேன். தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் எதைத் திறந்த வளம் என்று கொள்கிறோம் என்பதில் உறுதி வேண்டும். யுனெஸ்கோ மன்றம் ஒன்றில் 2002இல் வழக்குக்கு வந்த இந்தக் கருத்து, 2019 நவம்பரில் அந்த அமைப்பின் பொது மாநாடு ஏற்ற பரிந்துரையால் உலக நாடுகளின் பொது இணக்கமாக ஆனது. வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறவற்றோடு சேர்க்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்னும் ஐந்து அனுமதிகளும் உரிமத்தில் எழுத்தாக இருக்கும் பாடப்பொருளே திறந்த வளம். காசில்லாமல் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் பி.டி.எஃப். எல்லாம் இதில் அடங்காது. மாற்றும் உரிமை நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏனெனில் தமிழ்நாட்டில் உருவான பொருள் மொழியால் பொருந்திப் பாடத்திட்டத்தால் பொருந்தாமல் போகிறது, கேரளத்தில் உருவான பொருள் பாடத்திட்டத்தால் பொருந்தி மொழியால் பொருந்தாமல் போகிறது. இரண்டிலும் கைவைத்துத் திருத்தாமல் நம் வகுப்பில் பயன்படுத்த வழியில்லை.

ஆகவே எந்தக் கூட்டாளியையும் நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். அவர் தருவதை மாற்ற எழுத்துப்பூர்வ அனுமதி உண்டா? நம் ஆசிரியரின் நேரத்தை அவர் கூட்டுகிறாரா, தின்கிறாரா? ஊக்கமுள்ள ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகும் வேலை தொடருமா? பணம் நான்காவது கேள்விதான். பள்ளிகளில் கணினியும் புரொஜக்டரும் ஏற்கெனவே இருக்கின்றன. பற்றாக்குறை தமிழ்ப் பொருளிலும் அதைச் செய்யும் மனித நேரத்திலும்தான்.

எல்லைப்புறத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது தமிழ்நாடு. அது இயல்பு. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். உறவும் சந்தையும் பொள்ளாச்சியில் இருக்கின்றன. அங்கே உருவாகும் பொருளின் அளவும் பெரிது. 2018இல் தொடங்கிய புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டு, அவற்றை ஸ்கேன் செய்தால் மத்திய அரசின் பள்ளிக்கல்வி இணையத்தளமான திக்‌ஷா தளத்தில் காணொலிகளும் பயிற்சிகளும் திறக்கும்படி செய்தார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் கிடைக்கின்றன. அறிவியல் சொற்களுக்கு இவற்றில் கிடைக்கும் தமிழ் வழக்கு, நம் ஆசிரியர்களுக்குப் பெரும் துணை.

ஆனால் கூட்டாளி என்ற நிலையில் வைத்துப் பார்க்கும்போது இரண்டு தடைகள் தெரிகின்றன. பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டில் அறிவியல் ஒரே நூல். கேரளத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனி நூல்கள். அலகுகளின் வரிசையும் ஆழமும் வினா கேட்கும் முறையும் வேறு. கேரளம் 2024இல் 1, 3, 5, 7, 9 ஆகிய வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்களைக் கொண்டுவந்த பிறகு இந்த இடைவெளியை மறுபடியும் புதிதாக அளக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது தடை உரிமம். பாடநூலின் பதிப்புரிமை அரசுடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசின் ஆக்கங்களுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வகுப்பில் கற்பிக்கும்போது ஆசிரியர் பகுதிகளை எடுத்தாள அந்தச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. அதை மாற்றி எழுதி இணையத்தில் எல்லோருக்கும் வெளியிட அந்த இடம் போதாது. திக்‌ஷாவில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமக் குறிப்பு இருப்பதால், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

மேலும், ஒரு மாநில அரசின் துறையோடு இன்னொரு மாநிலத்தின் பள்ளி நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. கடிதம் திருவனந்தபுரம் போய்ச் சென்னை போய்த் திரும்ப வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் விடைக்காக வேலையை நிறுத்தி வைக்கக்கூடாது. தமிழ்நாட்டிலிருந்து இன்றே தடையின்றி எடுக்கக்கூடியது ஒன்று உண்டு: நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்துகள். 1949இல் நாட்டுடைமையான பாரதியின் ஆக்கங்களில் தொடங்கி, மொழி வகுப்புக்கு வேண்டிய கூடுதல் வாசிப்பை அங்கிருந்தே திரட்டிவிடலாம்.

அடுத்தது கேரளப் பள்ளிகளின் கல்வித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கைட். 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி 2017இல் அரசு நிறுவனமாக மாறிய இந்த அமைப்புதான் நம் பள்ளிகளின் கணினிகளுக்கும், அவற்றில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்கும், விக்டர்ஸ் கல்வி அலைவரிசைக்கும், சமக்ரா என்னும் பாடவளத் தளத்துக்கும் பொறுப்பு. பள்ளிகள் மூடிக் கிடந்த 2020 ஜூனில் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளில் தமிழ்வழிக்கும் கன்னடவழிக்கும் தனி வகுப்புகள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் பேசியவர்கள் நம் வட்டார ஆசிரியர்களைப் போன்றவர்களே. கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்ட ஒரு பள்ளிக்கல்வி அமைப்பு நமக்கு வாய்த்திருப்பது சாதாரண விஷயமல்ல. உரிமக் கட்டணம் இல்லாத இயங்குதளத்தில் பழகிய ஆசிரியருக்குத் திறந்த பாடப்பொருளின் தேவையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இதன் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. மாநிலம் முழுவதையும் பார்க்கும் அமைப்பில் தமிழ்வழி ஒரு சிறு பிரிவு. மலையாளத்தில் தயாராகும் பொருளின் மொழிபெயர்ப்பாகவே தமிழ்ப் பொருள் பெரும்பாலும் பிறக்கிறது, அதனால் தாமதமாகிறது, சொல்வழக்கும் சில இடங்களில் நம் பிள்ளைகளின் தமிழிலிருந்து விலகி நிற்கிறது. நாம் கேட்டு அவர்கள் தருவது என்ற உறவில் இது மாறாது. நாம் செய்து அவர்கள் சரிபார்த்து வெளியிடுவது என்று உறவைத் திருப்பினால் மாற வாய்ப்பு உண்டு.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு சட்ட விஷயத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். கைட் அல்லது கல்வித்துறை நமக்கு ஏன் தவிர்க்க முடியாத கூட்டாளி என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, பணியின் பகுதியாக ஒருவர் உருவாக்கும் ஆக்கத்தின் முதல் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, பணியில் அமர்த்தியவருக்குச் சேரும். அரசுப் பள்ளி ஆசிரியர் தம் வகுப்புக்காகத் தயாரிக்கும் பயிற்சித்தாளை அரசின் ஆக்கம் என்று யாரேனும் வாதிட்டால், அந்த ஆசிரியர் அதன்மேல் போட்ட திறந்த உரிமம் செல்லுமா என்ற கேள்வி வந்துவிடும். அரசு உதவி பெறும் தனியார் (எய்டட்) பள்ளியில் மேனேஜர் நியமிக்கிறார், அரசு சம்பளம் தருகிறது. அங்கே கேள்வி இன்னும் சிக்கலாகிறது. நல்ல மனத்தோடு பத்து ஆசிரியர்கள் சேர்ந்து உருவாக்கிய தொகுப்பு, யாரும் தொடத் தயங்கும் பொருளாகப் பின்னாளில் ஆகிவிடக்கூடாது. ‘இந்தத் திட்டத்தின் கீழ் ஆசிரியர்கள் உருவாக்கும் பொருள்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் திறந்த உரிமத்தில் வெளியாகத் துறை இசைகிறது’ என்று ஒரே ஒரு கடிதம் முதலிலேயே இருந்தால் இந்தத் தொல்லை அறவே நீங்கும். அந்தக் கடிதத்தைத் துறையைத் தவிர வேறு எந்தக் கூட்டாளியாலும் தர முடியாது. எய்டட் பள்ளியென்றால் மேனேஜரின் கையெழுத்தும் வேண்டும்.

தன்னார்வச் சமூகங்களும் அறக்கட்டளைகளும் மூன்றாவது வாய்ப்பு. மாற்றும் அனுமதி என்ற அளவுகோலில் இவை மற்ற எல்லோரையும் முந்துகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைநூல்கள் பெயர் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமத்தில் வருகின்றன. படநூல்களைத் தமிழில் மொழிபெயர்க்கவும், நிலைக்கேற்ப எளிமையாக்கவும், அச்சிட்டு வகுப்பில் வைக்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அட்டப்பாடியின் இருளர் குழந்தைகளுக்கும் தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்கும் தொடக்க வகுப்புகளில் வாசிப்புப் பொருள் தேடும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் உருவகச் செயல்பாடுகள் (சிமுலேஷன்கள்) இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் உதவுகின்றன. தமிழிலும் பல உள்ளன, இணையம் இல்லாத வகுப்பிலும் ஓடுகின்றன. மின்சுற்றை மாணவரே திரையில் கட்டிப் பார்ப்பதற்குப் பாடத்திட்ட வேறுபாடு ஒரு தடையே இல்லை.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அவை கலைக்களஞ்சிய நடையில் இருப்பதால் ஆறாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தா. விக்கிமீடியாவின் கோப்புக் களஞ்சியமான பொதுவகத்தில் உள்ள படங்களும் வரைபடங்களும் அதைவிடக் கூடுதலாகப் பயன்படும். விக்கிச் சமூகத்திடமிருந்து பள்ளிகள் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களின் ஒழுங்கை: எதை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதுவது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவது, பழைய வடிவத்தை அழிக்காமல் வைப்பது.

இவர்களிடம் எதிர்பார்க்கக்கூடாததும் உண்டு. கேரளத்தின் ஒன்பதாம் வகுப்பு வேதியியலின் இரண்டாம் அலகுக்கு ஏற்ற பயிற்சியை எந்தத் தன்னார்வலரும் நமக்காக எழுதித் தரமாட்டார். தன்னார்வலர் வருவார், தேர்வும் வேலையும் வந்தால் போவார். மூலப்பொருளையும் முறையையும் இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கால அட்டவணையை இவர்கள்மேல் ஏற்றிவைக்கக்கூடாது.

உரிமங்களைக் கலப்பதில் ஒரு எச்சரிக்கை. விக்கிப்பீடியாவின் உரிமம், அதிலிருந்து ஆக்கிய பொருளையும் அதே உரிமத்தில் வெளியிடக் கோருகிறது. வேறு சில புகழ்பெற்ற கல்வித் தளங்கள் வணிகப் பயன்பாட்டைத் தடுத்து, அதே நிபந்தனையோடு பகிரச் சொல்கின்றன. இந்த இரண்டு வகையையும் ஒரே பாடத்தில் கலந்து எழுதினால் இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. பெயர் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமத்தில் உள்ளவற்றையே முதல் ஆண்டில் பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கைப் போடும் தேவையே வராது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் வரும் டேப்களையும் செயலிகளையும் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பெரும்பாலும் அவை ஓராண்டு அல்லது ஈராண்டுச் சந்தாவோடு வருகின்றன, திருத்தும் உரிமை தருவதில்லை, தமிழில் கேரளப் பாடத்திட்டம் என்ற சிறு தேவைக்கு அவற்றில் இடமில்லை. நிதியாகக் கொடுக்க முன்வந்தால் நன்றியோடு ஏற்று, மொழிபெயர்ப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் செலவிடலாம்.

எனக்குப் பிடித்த வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் புவியியல் துறையும் இசைத்துறையும் இருக்கின்றன. நம் பள்ளிகளில் படித்த பிள்ளைகளே அங்கே போய்ப் பட்டம் படிக்கிறார்கள். கேரளப் பாடநூலைத் தமிழில் படித்து வளர்ந்த இளைஞர்கள் ஒருசேரக் கிடைக்கும் இடம் வேறு எங்கே? மெய்ப்புப் பார்க்கவும், குரல் கொடுக்கவும், படத்துக்கு விளக்கம் எழுதவும் அவர்களால் முடியும். ஒரு தொகுதி படித்து முடித்துப் போனாலும் அடுத்த தொகுதி வருவதால் தொடர்ச்சிக்கும் குறைவில்லை. மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட் மேற்கு ஓரத்து ஆனக்கரையில் இருப்பதால் கிழக்கு எல்லையிலிருந்து அடிக்கடி போய்வர இயலாது. அந்தக் குறையைக் கல்லூரியும் வட்டார வள மையமான பி.ஆர்.சி.யும் நிரப்பலாம். மாணவர் செய்யும் வேலைக்கு உரிமை அவருடையதே என்பதால், திறந்த உரிமத்தில் வெளியிட ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவதை மறக்கக்கூடாது.

கல்லூரியால் தர முடியாதது அதிகாரம். ஒரு பாடம் பாடத்திட்டத்துக்குப் பொருந்துகிறது என்று அவர்கள் சொன்னால் பள்ளிகள் ஏற்கும், துறை ஏற்க வேண்டியதில்லை. பஞ்சாயத்திடம் வேறு வகை அதிகாரம் இருக்கிறது. 1990களின் அதிகாரப் பரவலுக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துகளின் கீழும் உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் கீழும் வந்தன. அச்சுச் செலவு, ஆசிரியர் பயிலரங்குக்கான உணவு, ஒலிப்பதிவுக் கருவி போன்ற சிறு செலவுகளைத் திட்ட நிதியில் சேர்க்க எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற பஞ்சாயத்துகளிடம் கிராமசபை வழியாகவே கேட்கலாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. வேலை நடக்கும் இடம் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளும் சித்தூர் கல்லூரியும் சேர்ந்த ஒரு சிறு கூட்டமாக இருக்கட்டும். அனுமதிக் கடிதமும் சரிபார்ப்பும் வெளியீடும் கைட், எஸ்.சி.இ.ஆர்.டி. ஆகியவற்றிடம் இருக்கட்டும். மூலப்பொருள் ஸ்டோரிவீவர், ஃபெட், விக்கிப் பொதுவகம் ஆகியவற்றிலிருந்து வரட்டும். தமிழ்நாட்டோடு உறவு, சொல்வழக்கைப் பார்த்துக்கொள்வதற்கும் துறை வழியாக அனுப்பும் ஓர் அனுமதி வேண்டுகோளுக்கும் இப்போதைக்கு நின்றுகொள்ளட்டும். தமிழ்நாட்டை முதன்மைக் கூட்டாளியாக வைக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களின் மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் நம் பிள்ளை எழுதப்போவது கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. அதற்கு ஏற்ற தமிழ்ப் பொருளைச் செய்யும் கடமை வேறு யார்மேலும் விழவில்லை.

முதல் பாடமாக எதை எடுக்கலாம் என்று கேட்டால் ஆழியாற்று நீரை எடுக்கச் சொல்வேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தாகி 1958 முதல் செல்லும்படி ஆனது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீர் கேரளத்துக்கு வர வேண்டும். சித்தூரின் நெல்லும் தென்னையும் அந்த நீரை நம்பியிருக்கின்றன. கேரளத்தின் பிற இடங்களில் காணக் கிடைக்காத கரிசல் மண்ணும், மழை மறைவுப் பகுதியின் குறைந்த மழையும், அருகருகே நிற்கும் பனையும் தென்னையும் நம் பிள்ளைகள் நாளும் பார்ப்பவை. சமூக அறிவியலில் ஆறும் மண்ணும் கூட்டாட்சியும் வரும் அலகுகளில் இந்த ஒரு பாடத்தை இணைக்க முடியும், கணித வகுப்பில் டி.எம்.சி.யை லிட்டராக மாற்றும் கணக்கையும் அதிலிருந்தே போடலாம். நம்மைத் தவிர வேறு எவரும் எழுத முடியாத பாடம் இது. புவியியல் துறை மாணவர்கள் வரைபடம் வரைந்தால், எட்டாம் வகுப்பிலிருந்து, கைட்டின் மாணவர் கணினி மன்றமான லிட்டில் கைட்ஸில் பயிலும் பிள்ளைகள் அதை அசைபடமாக்குவார்கள். வெளியான பிறகு மலையாள வழிக்கும் பொள்ளாச்சிப் பள்ளிகளுக்கும் அதை மொழிபெயர்த்துக் கொள்ளும் உரிமை தானாகவே கிடைத்துவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய சில நடைமுறைகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோப்புகளும் ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசே 2010இல் ஒருங்குறியை ஏற்றுவிட்ட பிறகும் வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் பள்ளிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, லினக்ஸ் கணினியில் திறந்தால் அவை ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. திருத்தக்கூடிய கோப்பையும் பி.டி.எஃப். உடன் சேர்த்தே வெளியிட வேண்டும், பி.டி.எஃப். மட்டும் இருந்தால் மாற்றும் உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பொருளின் அடியிலும் தலைப்பு, ஆக்கியவர், எடுத்த இடம், உரிமம் ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆசிரியர் இந்த வேலைக்குச் செலவிடும் நேரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்தின் பகுதியாகக் கணக்கில் வர வேண்டும் என்பதைத் துறைக் கடிதத்தில் சேர்க்கக் கேட்க வேண்டும். இந்த ஒரு வரி கிடைக்காவிட்டால் மற்ற எல்லா வரிகளும் இருந்தும் இரண்டாம் ஆண்டில் ஆள் மிஞ்சமாட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு இதற்கு நேரம் கிடைப்பது அரிது. ஏப்ரல், மே விடுமுறையில் பள்ளிகள் கூடிப் பேசி, கடிதத்தைத் தலைமையாசிரியர்களின் கையெழுத்தோடு அனுப்பிவிட்டால், ஓணத் தேர்வுக்கு முன் முதல் பாடத்தை வகுப்பில் வைத்துப் பார்த்துவிடலாம்.